தூக்கிப் பார்த்து வாங்கிய பெட்டி

மாயக்கண்ணன் நாகவல்லிக்குத் தர வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். அதை அவர் கைநீட்டி வாங்கவில்லை. அவளும் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனாலும் அது கடன்தான் என்று அவர் சொன்னார். எனக்கும் அதில் வேறு கருத்து இல்லை.

ஆளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்குடி கழனிவாசலில் மைக் செட் வைத்திருந்தவர் மாயக்கண்ணன். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சூசைமரியான் பந்தல் என்று கானாடுகாத்தான் வரைக்கும் போய்க் கேட்டுப் பாருங்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மூங்கில் சுமந்த தோள் ஒன்றுதான் முதல். இன்றைக்கு ஆயிரத்து இருநூறு நாற்காலியும் இரண்டு லாரியும் என் பேரில் நிற்கின்றன, எந்த வங்கிக்கும் ஒரு ரூபாய் பாக்கி கிடையாது. நான் பந்தல் போட்ட கல்யாணங்களில் முக்கால்வாசிக்கு மைக் செட் மாயக்கண்ணனுடையது. முதல் முதலில் நாங்கள் சந்தித்தபோது என்னிடம் பதினாறு மூங்கிலும் அவரிடம் ஒரு குழாய் ஸ்பீக்கரும் ஒரு சைக்கிளும் இருந்தன. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒருவரை ஒருவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

மைக் செட் தொழிலில் ஒரு பழைய சங்கதி உண்டு. ஆம்பிளிஃபையர் வாங்கப் போனால் அட்டையில் போட்டிருப்பதை யாரும் நம்ப மாட்டார்கள். நூறு வாட் பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்து விற்ற காலத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் மாயக்கண்ணன் அட்டையைப் படிக்கவே மாட்டார். கடையில் இருக்கிற பெட்டிகளை வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஒரே கையால் தரையை விட்டு ஒரு சாண் தூக்குவார். கனமாக இருந்தால் உள்ளே செம்பு இருக்கிறது, நல்ல இரும்பு இருக்கிறது, சூடு தாங்கும். லேசாக இருந்தால் ஏமாற்று. நாற்பது வருசத்தில் அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்புச் சொன்னதில்லை. தேவகோட்டை, சிங்கம்புணரி மைக் செட்டுக்காரர்கள்கூட மதுரைக்குச் சாமான் எடுக்கப் போகும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான் கூலி. அதையும் பாதி நாள் அவரே கொடுத்துவிடுவார்.

நாகவல்லி அவருக்குச் சொந்தமில்லை. அவள் புருசன் லோடு வேன் ஓட்டியவன். புதுக்கோட்டை ரோட்டில் விபத்தாகிப் போய்ச் சேர்ந்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோடு நின்றவளை, வெங்கட்ராமன் என்பவருடைய போட்டோ ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்த்துவிட்டது மாயக்கண்ணன்தான். அங்கே கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்கிறவனைப் பார்த்துப் பார்த்தே அவள் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருசத்தில் அந்த ஸ்டூடியோவின் ஆல்பம் முழுக்க அவள் கையில் வந்தது. ஆனால் சம்பளம் என்னவோ நாள் கணக்குத்தான். அதே ஆல்பத்தை வீட்டில் இருந்து சொந்த மெஷினில் செய்து கொடுத்தால் ஒன்றுக்கு இரண்டாயிரம் வரும். ஐப்பசி, கார்த்திகை, தை என்று மூன்று மாத முகூர்த்தத்துக்கு உட்கார்ந்தால் மகள் தீக்ஷாவின் படிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை அவள் எனக்குச் சொன்னபோது நான் வாய்க்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வாய்க்கணக்கில் என்னை ஆடிட்டர்கூட மிஞ்ச முடியாது.

முழு மெஷினாக வாங்கினால் விலை கட்டாது என்று அவள் ஒவ்வொரு சாமானாக வாங்கினாள். போர்டு ஒரு மாதம், நினைவகம் ஒரு மாதம், படத்துக்கான கார்டு சீட்டுப் பணம் விழுந்த மாதம். போனில் வீடியோ பார்த்தே எதை எதோடு மாட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். எல்லாவற்றையும் பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். கடைசியாக நின்றது கரண்டு கொடுக்கிற பெட்டி. கடைகளில் எஸ்.எம்.பி.எஸ் என்கிறார்கள். எனக்கு அவள் சொன்ன விதத்தில் சொல்வதானால், மற்றச் சாமான்கள் எல்லாம் பந்தலுக்கு மேலே கட்டுகிற துணியும் தோரணமும், இது கால். கால் சாய்ந்தால் மேலே இருப்பது எதுவும் மிஞ்சாது.

அந்தப் பெட்டிக்கு அவள் ஒரு கம்பெனிப் பெயரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். தன்னுடைய சாமான்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கும் என்று கூட்டி, அதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, ஐந்நூற்று ஐம்பது வாட். ஐந்து வருச வாரண்டி. உள்ளே ஏதாவது கோளாறு என்றால் தானே நின்றுவிடுகிற பாதுகாப்பு. விலை நாலாயிரத்து இருநூறு. பணத்தையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மாயக்கண்ணன் அவள் வீட்டுக்கு எர்த் போட வந்தார். வாடகை வீடு, பழைய ஒயரிங். மூன்று துளை பிளக் இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. இதில் போய் மெஷினை மாட்டினால் தகரத்தைத் தொட்டவுடன் அடிக்கும் என்று சொல்லி, கொல்லையில் தானே குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாயை இறக்கி, கோளாறு வந்தால் கரண்டை வெட்டிவிடுகிற டிரிப்பரும் புதிதாக வைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. நான் அன்றைக்கு அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். எழுபது வயதில் கடப்பாரை பிடிக்கிற ஆளை வேறு என்ன செய்வது. அந்த வேலை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. கரண்டில் அவர் கை வைத்தால் அது சுத்தமாக இருக்கும்.

கை கழுவும்போது பேச்சு அந்தப் பெட்டிக்கு வந்தது. விலையைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். நாளைக்கு மதுரைக்குப் போகிறேன், நானே எடுத்து வருகிறேன் என்றார். அவள் பெட்டியின் பெயரை இரண்டு தடவை சொன்னாள், போனில் படத்தையும் காட்டினாள். அவர் தலையாட்டினார். அவள் பணத்தைக் கொடுத்தாள். கொடுக்காமல் எப்படி இருப்பாள். அவள் வயிற்றுக்கு வழிகாட்டிய மனுசன்.

மறுநாள் சாயங்காலம் அவர் வேறு பெட்டியோடு வந்தார். கூடவே இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் மிச்சம். அந்தக் கடையில் அவள் சொன்ன பெட்டியும் இருந்திருக்கிறது. கடைக்காரன் ஆறு பெட்டியைப் பரப்பியிருக்கிறான். இவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அவள் சொன்னதை விட இது கனம். ஆயிரத்து முன்னூற்று ஐம்பதுக்கு.

மறுநாள் விஜயதசமி. மெஷினை அன்றைக்கு ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தது. நான் காலையில் மாதா கோவிலில் பூசை கண்டுவிட்டு அப்படியே அவள் வீட்டுக்குப் போனேன். மேசையில் எல்லாச் சாமானும் மாட்டித் தயாராக இருந்தது. சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். பெட்டியை மட்டும் மாட்டவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். மாயக்கண்ணன் எனக்கு முன்பே வந்திருந்தார்; அவரை அவள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"பெரியப்பா, கோவிச்சுக்கிடாதீக. முன்னாடி ஐந்நூறு வாட்டுன்னு போட்டிருக்கான். இந்தச் சீட்டுல பன்னெண்டு வோல்ட்டுக்குப் பதினாறு ஆம்பியருன்னு அவனே போட்டிருக்கான். பெருக்கினா இருநூறுகூட வரலை. என் கார்டு வேலை செய்யிறப்ப அதுக்கு மேல இழுக்கும்."

"சீட்டுல என்ன வேணாலும் அச்சடிப்பான் தாயி. எடையை அச்சடிக்க முடியுமா?" என்றார் மாயக்கண்ணன். குரலில் கோபம் இல்லை. பெருமைதான் இருந்தது.

நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அவர் சொன்னதும் நாற்பது வருசம் சரியாக இருந்த விசயம். அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மதுரைக்கு மறுபடி போய் மாற்றிக்கொண்டு வந்திருப்பார். என் சொல்லை அவர் தட்ட மாட்டார். பெரிய பெரிய வீட்டுக் கல்யாணங்களில், மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே பந்தலைப் பிரித்துத் திரும்பக் கட்டச் சொன்னவன் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு முன்னால் அவருடைய கையைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவள் பெட்டியை மாட்டினாள். மெஷின் ஓடியது. தீக்ஷா கைதட்டினாள். மாயக்கண்ணன் அன்றைக்கு டீக்கடையில் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைக்கு மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்த கதையைச் சொன்னார்.

நாகவல்லி ஸ்டூடியோ வேலையை விட்டாள். வெங்கட்ராமனுக்கு வருத்தம்தான், இருந்தாலும் முதல் ஆல்பத்தை அவரே கொடுத்தார். இரண்டு சின்ன ஆல்பம் நல்லபடியாக முடிந்தது. அப்போதே ஒருநாள் பெட்டியின் பின்பக்கம் தொட முடியாத சூடு வருகிறது என்று அவள் என்னிடம் சொன்னாள். மின்விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்தாளாம். மாயக்கண்ணனிடம் சொல்லவில்லை. கையில் திரும்பி வந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்ததும், அவருக்குத் தெரியாமல் நல்லதாக ஒன்று வாங்கி மாற்றிவிடலாம் என்று இருந்தாள்.

அடுத்து வந்தது கானாடுகாத்தான் கல்யாணம். பெரிய ஆல்பம். பந்தல் என்னுடையதுதான், அதனால் எனக்குத் தெரியும், போட்டோவே நாலாயிரத்துக்கு மேல். படங்களை மெருகேற்றுகிற வேலையை மெஷினில் போட்டுவிட்டு அவள் உலை வைக்கப் போயிருக்கிறாள். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். முதலில் மீன் கருகுகிற மாதிரி ஒரு வாடை. அடுப்பில் மீன் இல்லையே என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பட்டென்று ஒரு சத்தம், டிரிப்பர் விழுந்துவிட்டது. மாயக்கண்ணன் வைத்த டிரிப்பர். அது விழுந்ததால் வீடு தப்பியது. மெஷின் தப்பவில்லை. போர்டு போயிற்று, கார்டு போயிற்று. எரிந்த தடம் இருக்கிறது, வாரண்டியில் வராது என்று கடையில் கைவிரித்தார்கள். போட்டோக்கள் ஸ்டூடியோவில் இன்னொரு பிரதி இருந்ததால் பிழைத்தன. ஆல்பம் வேலை வேறு ஊர் ஆளுக்குப் போய்விட்டது.

எனக்குத்தான் முதலில் தகவல் வந்தது. நான் போனபோது அவள் பெட்டியைக் கழற்றித் திறந்து வைத்திருந்தாள். உள்ளே நாலைந்து சின்னச் சாமான், மெல்லிசான ஒயர், ஒரு விசிறி. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு, நாலு திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. அந்தத் தகட்டில் ஒரு ஒயரும் வந்து சேரவில்லை. அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. தூக்கிப் பார்த்து வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த எவனோ ஒருவன் அவர்களுக்கென்றே வைத்த தகடு.

மாயக்கண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் அவள் அவசரமாக மூடியைப் போட்டாள். அவர் வந்து கையை நீட்டினார். கொடுக்க வேண்டியதாயிற்று. திருப்புளியை வாங்கி, தகட்டைத் தானே கழற்றி, இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு தாயி?"

அவள் சொல்ல மாட்டேன் என்றாள். நீங்கள் என்ன வேண்டுமென்றா செய்தீர்கள், நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று அழுதாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நேரே கடைக்குப் போய் விலை விசாரித்தார். போர்டு ஐயாயிரத்து ஐந்நூற்று ஐம்பது, கார்டு பதினோராயிரத்து ஐந்நூறு, அந்த நாசமாய்ப் போன பெட்டி ஆயிரத்து முன்னூற்று ஐம்பது. மதுரைக்கும் போனார். பில் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வாழ்நாளில் பில் கேட்டு வாங்கியவர் இல்லை.

நான் அப்போதே இருபதாயிரத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு அது ஒரு கல்யாணத்தின் நாற்காலி வாடகை. அவர் பணத்தைத் தொடவில்லை.

"சூசை, நீ குடுத்தா அவ மெஷினு ஓடும். நான் மறுபடி தெருவுல எப்பிடி நடப்பேன்?"

அங்கிருந்து நாகவல்லியிடம் போனேன். அவருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள் என்றேன். அவளும் மாட்டேன் என்றாள். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் மனசு விட்டுப்போகும், அவரே கொடுப்பார், பொறுத்திருக்கிறேன் என்றாள். இவருக்காக அவள், அவளுக்காக இவர். நடுவில் அந்த மெஷின் செத்துக் கிடந்தது, முகூர்த்தம் ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சத்தம் போட்டிருக்க வேண்டும். எத்தனையோ பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்த்தவன். இதைச் செய்யாமல் விட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

மைக் செட் தொழில் அந்த வருசம் சுத்தமாகப் படுத்துவிட்டது. கல்யாணத்துக்கெல்லாம் திருச்சியிலிருந்து டி.ஜே. பையன்கள் வேன் நிறையப் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். கார்த்திகையில் மாயக்கண்ணனுக்கு இரண்டு காதுகுத்து. மார்கழியில் ஒன்றும் இல்லை. தையில் கோவிலூர்ப் பக்கம் ஒரு பூப்பு நீராட்டு. வந்ததை எல்லாம் அப்படியே எடுத்து வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடலாமே என்று சொன்னதற்கு, பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தால் ஒரு சாமானும் வாங்க முடியாது, அரிசி பருப்பில் போய்விடும் என்றார். அது நியாயம்தான்.

நாகவல்லி தை பிறந்ததும் ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெங்கட்ராமன் நல்ல மனுசன், விரட்டவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கீழேதான் வேலை, சம்பளமும் பழையதை விடக் குறைச்சல். வைகாசியில் தீக்ஷாவைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப் பணம் தேவைப்பட்டது. மிச்சம் இருந்த சாமான்களை, நினைவகம், தகரக் கூடு, திரை, எல்லாவற்றையும் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டாள். மாயக்கண்ணனிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆடி மாதம் மாயக்கண்ணன் ஜெனரேட்டரை விற்றார். சிங்கம்புணரியிலிருந்து ஆள் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஜெனரேட்டர் இல்லாத மைக் செட்டை யாரும் கூப்பிட மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். எடுத்து வைத்திருந்ததோடு அதைச் சேர்த்ததும் கணக்கு வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என்னையும் வா என்று கூப்பிட்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே வாங்கி மாட்டினால் இந்த முகூர்த்தத்தைப் பிடித்துவிடலாம், இந்தத் தடவை அவள் சொன்ன பெட்டியையே வாங்கட்டும், நான் அந்தப் பக்கமே வர மாட்டேன் என்றார். நான் கொடுத்த சத்தியத்தை நினைத்துக்கொண்டு கூட நடந்தேன்.

நாகவல்லி அப்போதுதான் ஸ்டூடியோவிலிருந்து வந்திருந்தாள். மேசையில் தீக்ஷாவின் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. மாயக்கண்ணன் மேசையைப் பார்த்தார். மேசைக்குக் கீழே பார்த்தார். சுவரில் அவரே வைத்த பிளக்கில் போன் சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எல்லாத்தையுமா?" என்றார்.

"ஆமா பெரியப்பா."

அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்தார். இடுப்பிலிருந்து பணத்தை எடுத்தபோது, வேண்டாம், ஜெனரேட்டரைத் திரும்ப வாங்கிவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். இனிமேல் எனக்கு மெஷின் வேண்டாம், அந்த ஆசை போய்விட்டது, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்றாள். அவர் பணக்கட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்து வருவார் என்று நினைத்தேன்.

"கையை நீட்டு தாயி."

"அங்குட்டு வச்சிட்டுப் போங்க பெரியப்பா. அப்புறம் எடுத்துக்கிடுறேன்."

"எண்ணாம வச்சிட்டுப் போனா அது தானமாயிரும். உனக்குத் தானம் குடுக்க நான் யாரு?"

அவள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது கையை விரித்து நீட்டினாள். மாயக்கண்ணன் விரலை நாக்கில் தொட்டு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்தக் கையில் வைக்க ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை எண் தப்பிவிட்டது. முதலிலிருந்து மறுபடி எண்ணினார். கடைசியில் நாலு நூறு ரூபாய்த் தாள். நாலாவதை வைத்ததும் அவள் விரல்களை அவரே மடக்கிவிட்டார்.